ஊமைக்காயமும் நாழிகைக் கணக்கும்: மேலகரம் வட்டாரத்தில் ஒரு வைத்திய மரபின் வரலாறு

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் வயல்களும் தோப்புகளும் சூழ அமைந்த மேலகரம், தமிழிலக்கிய வரலாற்றில் இருவரால் பெயர்பெற்ற ஊராகும். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர் இவ்வூரினர்; பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத் தலைவராக இருந்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் உ.வே. சாமிநாதையரையும் ஆதரித்த சுப்பிரமணிய தேசிகர், தம் பெயருக்கு முன்னால் இவ்வூர்ப் பெயரைத் தாங்கியவர். ஏட்டுக் கல்வி இவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்த இவ்வட்டாரத்தில், ஏட்டில் குறைவாகவும் கைப்பழக்கத்தில் மிகுதியாகவும் வழங்கிவந்த மற்றோர் அறிவும் இருந்தது. தோல் கிழியாமல் உள்ளே இரத்தம் கசிந்து கன்றிப்போகும் ஊமைக்காயத்தை எவ்வாறு ஆற்றுவது, எதுவரை அதை வீட்டு மருந்துக்கு விட்டுவைக்கலாம், எந்த நேரத்தில் கைதேர்ந்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதே அவ்வறிவு. இவற்றுள் மருந்து பற்றிய பகுதி இன்றும் பொட்டலமாகவும் புட்டியாகவும் கடைகளில் கிடைக்கிறது. காலக்கெடு பற்றிய பகுதி பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. மரபின் உயர்ந்த பகுதி பின்னதே என்பதால், இவ்வரலாற்றை அதன் வழியாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய அறிவு இங்கே வேர்கொள்ள நிலமும் தொழிலும் காரணமாயின. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரலைக் கொண்டுவரும்போது குற்றாலத்துப் பாறைகளில் பாசி படர்ந்து, கால்வைக்கும் இடமெல்லாம் வழுக்கும். பேரருவி உச்சியிலிருந்து நேரே தலையில் விழுவதில்லை; இடையில் பொங்குமாங்கடல் எனப்படும் பாறைக்குடைவில் விழுந்து, பொங்கி வழிந்து, வேகம் தணிந்தே கீழிறங்குகிறது. இருந்தும் வெள்ளக் காலத்தில் நீரோடு உருண்டு வரும் கல்லும் கட்டையும் குளிப்பவரின் தோளையும் முதுகையும் தாக்கக்கூடும். அருவிக்கு அப்பாலும் பனையும் தென்னையும் ஏறுவோர், நெல்மூட்டை சுமப்போர், மாடு பூட்டி உழுவோர், சிலம்பம் பழகுவோர் என்று அடிபடுவதைத் தொழிலின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்ட மக்கள் இங்கு வாழ்ந்தனர். அவர்களுக்கு ஒருநாள் வேலை நின்றால் ஒருநாள் கூலி போயிற்று.

ஊமைக்காயத்தில் நிகழ்வது என்ன என்பதை இன்றைய உடலியல் தெளிவாக விளக்குகிறது. அடியின் விசையால் தோலுக்கு அடியிலுள்ள தந்துகிகள், அதாவது மயிரிழையினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள், உடைந்து, வெளிவந்த இரத்தம் சதையின் இடுக்குகளில் தேங்குகிறது. அது பரவலாகத் தங்கினால் கன்றல். ஒரே இடத்தில் திரண்டு நின்றால் இரத்தக்கட்டு. முதலில் சிவந்தும் பின்னர்க் கருநீலமாகவும் தோன்றும் அவ்விடம் சில நாட்களில் பச்சையாகி, மஞ்சளாகி, மங்கிப்போவதற்குக் காரணம், சிவப்பணுக்களிலுள்ள ஈமோகுளோபினை உடல் சிறிது சிறிதாகச் சிதைத்து, பிலிவர்டின் என்னும் பச்சை நிறமியாகவும் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமியாகவும் மாற்றி அகற்றுவதாகும். உடல்நலம் உள்ளவரிடத்தில் சிறிய கன்றல் ஏறத்தாழ 2 வாரங்களில் தானே மறைந்துவிடுகிறது. வைத்திய வரலாற்றை எழுதுவோர் இதனை ஒருபோதும் மறத்தலாகாது. ஏனெனில் தானே ஆறக்கூடிய காயத்தின்மேல் எதைப் பூசினாலும் பூசியதே ஆற்றியதாகத் தோன்றும். பழைய பற்றுகளைப் போற்றுவோரும் புதிய களிம்புகளை விற்போரும் ஒருசேர இந்த இயற்கையின் கணக்கிலிருந்தே புகழ் ஈட்டியிருக்கிறார்கள்.

அடியும் எண்ணெயும் இவ்வட்டாரத்தின் சமய நினைவிலேயே இணைந்திருப்பது கவனத்துக்குரியது. குற்றாலநாதர் கோயில் தலவரலாற்றின்படி, திருமால் கோலமாக இருந்த திருவுருவை அகத்தியர் தம் கையால் தலையில் அழுத்திக் குறுக்கிச் சிவலிங்கமாக்கினார். அந்த அழுத்தத்தால் இறைவனுக்குத் தலைவலி உண்டாயிற்று. அது தணியும்பொருட்டு மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலத்தை இலிங்கத்தின் முடிமீது சாத்தும் வழக்கம் ஏற்பட்டது. அருவிச் சாரலின் குளிர்ச்சி இறைவனைத் தாக்காமலிருக்கச் சுக்கும் கடுக்காயும் முதலியன சேர்ந்த கஷாயம் படைக்கப்படுவதும் இக்கோயிலின் சிறப்பாகும். இலிங்கத்தின்மேல் அகத்தியரின் விரல் பதிந்த தடம் இருப்பதாக அடியார்கள் நம்புகின்றனர். வரலாற்று மாணவர் இக்கதையை நிகழ்ச்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் ஒரு கையின் அழுத்தம் தெய்வத்தையும் நோகச் செய்யும், அந்த நோவுக்குத் தைலமே மருந்து என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதை இதைக் காட்டிலும் தெளிவாகக் கூறும் சான்று அரிது. வர்மக் கலையின் முதலாசிரியராக மரபு கொண்டாடுபவரும் அதே அகத்தியரே.

கவிராயரின் குறவஞ்சியிலும் மருந்து வருகிறது. குறத்தி தன் மலையின் வளத்தைக் கூறுமிடத்தில், வான்வழியே உலவும் சித்தர்கள் உடலை அழியாமல் நிலைநிறுத்தும் மருந்துகளை விளைவிக்கும் இடமாகத் திரிகூட மலையைக் கவிராயர் காட்டுகிறார். இந்நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் விசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் வழங்கியதும், அந்நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர்பெற்றதும் பலரும் அறிந்தவை. ஆனால் கவிஞர் பாடிய சாவா மருந்து ஒருபுறமிருக்க, மேலகரத்து உழவரின் முழங்காலில் கன்றிய இடத்துக்கு மருந்து அடுக்களையின் புளிப்பானையிலிருந்தும் கொல்லைப்புறத்து வேலியிலிருந்துமே வந்தது.

சித்த மருத்துவம் மருந்துகளை அகமருந்து, புறமருந்து என இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 32 வகைகளைக் கூறுகிறது. உடலுக்கு வெளியே செய்யப்படும் புறமருந்துகளில் கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, தொக்கணம், அட்டைவிடல் முதலியன அடங்கும். இலையையோ சரக்கையோ நைத்து வைத்துத் துணியால் கட்டுவது கட்டு. அரைத்து அல்லது குழைத்துக் கனமாக அப்புவது பற்று. சூடாக்கிய பொருளைத் துணியில் முடிந்து ஒற்றி எடுப்பது ஒற்றடம். கையால் அழுத்தியும் பிடித்தும் உருவியும் செய்வது தொக்கணம். ஊமைக்காயத்துக்கு இவற்றுள் முதல் மூன்றும் எல்லா வீடுகளுக்கும் உரியனவாக இருந்தன. கொட்டை நீக்கிய பழம்புளியைச் சிறிது நீரில் கரைத்து, கல்லுப்பைச் சேர்த்து, இரும்புக் கரண்டியில் அடுப்பனலின்மேல் காட்டிக் குழம்பு பதமாகக் கொதிக்கவைத்து, கை பொறுக்கும் சூட்டில் வீக்கத்தின்மேல் தடவுவது மிகப் பரவலான முறை. அது காய்ந்து தோலை இறுகப் பிடிக்கும். மறுநாள் வெந்நீரால் நனைத்துத்தான் பெயர்க்க முடியும். தோல் சிறிது சிராய்த்திருந்தாலும் உப்பும் புளியும் கடுமையாக எரியும் என்பதால், மூடிய காயத்துக்கு மட்டுமே இதனைப் போட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்வது வழக்கம்.

நாட்டுமருந்துக் கடையில் வாங்க வேண்டிய சரக்குகளில் முதன்மையானது மூசாம்பரம். கற்றாழை மடலை அரிந்தால் வடியும் மஞ்சள்நிறப் பாலை வற்றவைத்து உலர்த்தி எடுக்கும் கரிய பொருள் இது. கரியபோளம் என்றும் பெயர். கண்ணாடிச் சில்லுபோல் உடையும் இக்கட்டியைக் கல்லில் நீர்விட்டு உரைத்தோ முட்டையின் வெண்கருவில் குழைத்தோ, இளஞ்சூடாக்கி, இரத்தம் கட்டிய இடத்தில் பற்றிடுவர். உலரும்போது தோல் சுருங்கி இழுபடுவது நன்கு தெரியும். கசப்பு நெடி அறை முழுவதும் பரவும். இவற்றோடு மஞ்சள், நொச்சி இலை, புளிய இலை, ஆமணக்கு இலை, எருக்கிலை ஆகியன ஒற்றடத்துக்கும் கட்டுக்கும் பயன்பட்டன. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கக்கூடியது என்பதால் அந்த இலையைக் கையாள்வோர் இன்றும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இப்பற்றுகளில் எந்த அளவு மருந்துச் சத்து வேலை செய்தது என்பது முழுமையாக ஆராயப்படவில்லை. மஞ்சளிலுள்ள குர்குமின் வீக்கத்தைத் தணிக்கவல்லது என்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருந்தாலும், தோலின்மேல் பூசிய மஞ்சள் உள்ளே தேங்கிய இரத்தத்தை விரைவாகக் கரைக்கும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. ஆனால் பற்றுக்கு மற்றொரு பயன் இருந்தது. அதனை வைத்திய நூல்களும் பேசுவதில்லை, மறுப்போரும் எண்ணுவதில்லை. காலில் கனமான பற்றைப் போட்டு அது உலரும்வரை காத்திருப்பவர் நடக்க முடியாது; திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துதான் ஆக வேண்டும். கூலிக்கு ஓடவேண்டிய உடம்புக்கு ஓய்வை வாங்கித்தந்த வழி அது. அடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைப்பது இன்றைய முதலுதவியிலும் தலையாய பாடம். மஞ்சளைப் பற்றிய உலகச் செய்தி ஒன்றையும் இங்கே குறிப்பிடுவது பொருந்தும். காயம் ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம், இந்தியர்கள் நெடுங்காலமாக அறிந்த வழக்கம் அது என்பதற்கு எழுத்துச் சான்றுகளைக் காட்டி வாதிட்டதன் விளைவாக, 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. எழுதிவைக்கப்படாத அறிவுக்குக் காப்புரிமை அலுவலகத்தில் நிற்கக் கால் இல்லை என்னும் பாடத்தை அந்த நிகழ்ச்சி இந்தியாவுக்குக் கற்பித்தது.

அட்டைவிடலைத் தனியாகக் கூற வேண்டும். அட்டையை, இரத்தம் கட்டி வீங்கிய இடத்தில் வைத்துக் கெட்ட இரத்தத்தை உறிஞ்சவிடுவது புறமருந்துகளில் ஒன்று. கடித்த இடத்தில் இரத்தம் உடனே உறையாமல் நெடுநேரம் கசிவதற்கு அட்டையின் உமிழ்நீரே காரணம் என்பதை 1884இல் ஜான் ஹேகிராஃப்ட் என்னும் உடலியலறிஞர் கண்டறிந்தார்; அதிலுள்ள சத்தே பின்னர் ஹிருடின் எனப் பெயர்பெற்றது. 2004இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருத்துவ அட்டைகளை விற்க இசைவளித்தது. ஒட்டிவைத்த விரலிலும் தோலிலும் தேங்கும் இரத்தத்தை வடிக்க அறுவை மருத்துவர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். எனினும் அதற்கென வளர்க்கப்பட்ட தூய அட்டை வேறு, ஓடையில் பிடித்த அட்டை வேறு. பின்னது புண்ணில் கிருமியைப் புகுத்தக்கூடும்.

வீட்டுப் பற்றுக்கு மேற்பட்ட நிலையில் நின்றவர் ஆசான். தென்பாண்டி நாட்டிலும் அதனை ஒட்டிய திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளிலும் சிலம்பமும் அடிமுறையும் கற்பித்தவரே அவற்றால் உண்டாகும் காயங்களுக்குப் பண்டுவமும் பார்த்தார். அடிக்கத் தெரிந்தவர் அந்த அடியை ஆற்றவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இம்மரபின் கட்டளை. உடலில் உயிரோட்டம் தங்குவதாகக் கருதப்படும் இடங்கள் வர்மங்கள் எனப்பட்டன. அவற்றை 108 என வகுத்து, பட்டவுடன் உயிருக்கே இடர் விளைக்கும் 12ஐப் படுவர்மம் என்றும், ஏனைய 96ஐத் தொடுவர்மம் என்றும் பிரித்தனர். வர்ம பீரங்கி, ஒடிவுமுறிவு சாரி முதலிய சுவடிகள் இவற்றின் இருப்பிடத்தையும் அடிபட்டால் தோன்றும் குறிகளையும் மாற்று முறைகளையும் கூறுகின்றன. மாற்று முறை அடங்கல், இளக்குமுறை எனப் பல பெயர் பெறும். அடிபட்ட இடத்துக்குத் தொடர்புடைய வேறோரிடத்தில் கையால் அழுத்தியோ தட்டியோ மயக்கத்தைத் தெளிவிப்பது அது. சுக்கை மென்று காதிலும் மூக்கிலும் ஊதுவதும், தெளிந்தபின் கஞ்சி கொடுப்பதும், அதன்பின்னரே எண்ணெயும் கட்டும் தொடங்குவதும் முறையாக இருந்தது.

இந்நூல்களின் தனிச்சிறப்பு அவை கூறும் நாழிகைக் கணக்கில் இருக்கிறது. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். இன்ன வர்மத்தில் அடிபட்டால் இத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும், அது கடந்தால் கைகடந்தது என்று அவை தனித்தனியே வரையறுக்கின்றன. சில அடிகள் அப்போதைக்கு ஒன்றும் செய்யாமல், நாளும் மாதமும் கழித்து நோயாக எழும் என்றும் எச்சரிக்கின்றன. கண் மேலே செருகுதல், வாயில் நுரை தள்ளுதல், தன்னை அறியாமல் மலமும் சிறுநீரும் கழிதல் முதலியன தீராக் குறிகள். இவற்றைக் கண்ட ஆசான் பண்டுவத்தில் கைவைப்பதற்கு முன்பே உறவினரிடம் நிலைமையை எடுத்துரைக்க வேண்டும். தன் கைக்குள் அடங்குவது எது, அடங்காதது எது என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்ட இந்த ஒழுங்கு மருத்துவ நேர்மையின் உயர்ந்த வடிவமாகும். இன்று வர்மத்தின் பெயரால் எந்த நோயையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வோர் அம்மரபுக்குச் செய்யும் தீங்கு பெரிது. 108 என்ற எண்ணுக்கும் உயிரோட்டக் கோட்பாட்டுக்கும் உடற்கூறியலில் நேர்ச் சான்று தேடுவது வீண்முயற்சியாகலாம். ஆனால் பொட்டு, பிடரி, விலாவின் கீழ், விரை ஆகிய இடங்களில் பட்ட அடியை மற்ற அடிகளோடு சேர்த்து எண்ணக்கூடாது என்று அவர்கள் கண்டது அனுபவத்தின் துல்லியம்.

இக்கலை மறைபொருளாகவே காக்கப்பட்டது. கொல்லும் வழியையும் காக்கும் வழியையும் ஒருங்கே கூறுவதால், பல ஆண்டுகள் உடனிருந்து குணம் அறியப்பட்ட மாணவருக்கே ஆசான் சுவடியைத் திறந்தார். கன்னியாகுமரி மாவட்டத்து ஆசான்களிடம் தங்கி ஆராய்ந்த ரோமன் சீலர் என்னும் ஜெர்மானிய மானிடவியலறிஞர் 2015இல் வெளியிட்ட நூலில் இந்த மறைப்பின் சமூகப் பொருளை விரிவாக ஆராய்ந்துள்ளார். மறைப்பினால் கலை தகாதார் கையில் விழாமல் தப்பியது உண்மை; பிழைகள் ஒருவரோடொருவர் ஒப்பிட்டுத் திருத்தப்படாமல் நின்றதும் அதே மறைப்பினால்தான்.

ஆங்கிலேயர் ஆட்சி இவ்வறிவைப் பெரும்பாலும் தாண்டிச் சென்றது. கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் சாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டைத் தோட்டங்களை அமைத்தது. அவற்றின் வழிவந்த சாதிக்காய் மரங்கள் மலைச்சரிவில் நிலைத்தன. சென்னையில் பணியாற்றிய மருத்துவர் ஒயிட்லா ஐன்ஸ்லி 1813இல் வெளியிட்ட இந்திய மருந்துச் சரக்குகள் பற்றிய நூல், கரியபோளம் உள்ளிட்ட சரக்குகளைத் தமிழ்ப் பெயரோடு பட்டியலிட்டது. 1830களின் நடுவில் பாளையங்கோட்டைப் படைப்பிரிவில் மருத்துவராக இருந்த இராபர்ட் வைட் குற்றால மலையின் செடிகொடிகளைத் திரட்டி, அவற்றைப் பற்றி எழுதினார். அவருக்காக ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் வரைந்த படங்கள் இன்றும் வியப்பூட்டுவன. சரக்குக்குப் பெயரும் செடிக்குப் படமும் இவ்வாறு கிடைத்தன. அவற்றை எப்போது போட வேண்டும், எப்போது போடக்கூடாது என்று அறிந்த கைகளைப் பற்றி அந்நூல்கள் பேசவில்லை.

மேலகரத்திலிருந்து சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டை, 1956 நவம்பர் 1ஆம் நாள்வரை திருவிதாங்கூரிலும் பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியிலும் அடங்கியிருந்தது. ஆட்சி எல்லை இடையில் இருந்ததே தவிர, எண்ணெய்க்கு எல்லை இருந்ததில்லை. புங்கிலை, வெற்றிலை, கற்றாழை, முருங்கையிலை, சின்ன வெங்காயம் முதலியவற்றின் சாற்றைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சும் முறிவெண்ணெய் மலைக்கு இருபுறமும் வழங்கிற்று. 1904இல் கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த இருப்புப்பாதை இத்தகைய போக்குவரத்தை மேலும் எளிதாக்கிற்று. 1893இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வரராவ் தொடங்கிய அமிர்தாஞ்சனமும், கடையநல்லூர், தென்காசி ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் பிழைக்கப் போனவர்கள் திரும்புகையில் கொண்டுவந்த கோடாலித் தைலமும் அடுக்களைப் பற்றின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்துக்கொண்டன. புட்டியில் அடைத்த தைலம் பூசுவதற்கு எளிது. பூசிவிட்டு உடனே எழுந்து வேலைக்குப் போகலாம். பற்று தந்த ஓய்வு அத்தோடு போயிற்று.

மரபு மருத்துவத்தை விசாரிக்க 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் சென்னை மாகாண அரசு ஒரு குழுவை அமைத்தது. 1923இல் அது அளித்த அறிக்கையை அடுத்து, சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. அதன்பின் வர்மமும் தொக்கணமும் பாடத்திட்டத்துக்குள் வந்தன. ஆசானின் மறைபொருள் தேர்வுத்தாளில் வினாவாயிற்று. பட்டமோ பதிவோ இல்லாமல் பரம்பரை உரிமையை மட்டும் காட்டி மருத்துவத் தொழில் செய்ய இயலாது என்று 2018இல் கேரளப் பரம்பரை வைத்தியர்கள் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல கைகள் சிலவற்றை அது முடக்கியிருக்கலாம். எனினும் அடிபட்டு வருபவருக்குத் தம்மைத் தொடுபவர் யார் என்று அறியும் உரிமை அதனினும் பெரிது.

மரபு எங்கே தவறியது என்பதையும் மூடிவைக்காமல் கூறவேண்டும். அடிபட்டவுடன் சூடான ஒற்றடம் கொடுப்பதும் எண்ணெயிட்டு அழுத்தி நீவுவதும் பரவலான வழக்கம். உடைந்த குழாய்கள் இன்னும் அடையாத நேரத்தில் சூடு அவற்றை விரிக்கிறது, நீவுதல் உறையத் தொடங்கிய இரத்தத்தைக் கலைக்கிறது. இரண்டினாலும் கசிவு கூடுகிறது. முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டியாலோ குளிர்ந்த நீரில் நனைத்த துணியாலோ 15 முதல் 20 நிமிடம்வரை ஒற்றி, இடைவெளிவிட்டு மீண்டும் ஒற்றுவதும், அடிபட்ட கையையோ காலையோ உயர்த்தி வைப்பதுமே தக்கவை; இளஞ்சூட்டு ஒற்றடத்துக்கு உரிய காலம் அதற்குப் பிந்தியது. இறுகக் கட்டும் மூங்கில் தப்பையால் இரத்த ஓட்டம் நின்று கையே அழுகிப்போன துயரங்களை எலும்பு மருத்துவர்கள் அறிவர். இது நாட்டு வைத்தியருக்கு மட்டும் உரிய பிழையன்று. 1881இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்டு ஃபோன் ஃபோல்க்மன், ஐரோப்பிய மருத்துவர்கள் போட்ட இறுக்கமான கட்டுகளால் தசை செத்துச் சுருங்குவதைத்தான் விவரித்தார். விரல் மரத்துப்போதல், வெளுத்தல், குளிர்தல், விரலை நீட்டும்போது தாங்கமுடியாத வலி ஆகிய குறிகள் தோன்றினால் கட்டை உடனே அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கட்டே இல்லாமல் உள்வீக்கத்தினால் மட்டும் இந்நிலை ஏற்பட்டாலும் சில மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் உறுப்பு பிழைக்கும்.

நாழிகைக் கணக்கை இன்றைய மருத்துவத்தின் மொழியில் எழுதினால் அது இவ்வாறு அமையும். வீக்கம் குறையாமல் ஏறிக்கொண்டே போவதும், மூட்டை மடக்கவோ காலை ஊன்றவோ முடியாமையும், உறுப்பின் வடிவம் கோணியிருப்பதும் எலும்பு முறிவை ஐயுறச் செய்பவை. அங்கே தேவை எக்ஸ்ரே, எண்ணெய் அன்று. வயிற்றிலோ விலாவிலோ அடிபட்டு வலி பெருகினாலும் தலைசுற்றினாலும் சிறுநீர் சிவந்தாலும், உள்ளுறுப்பு கிழிந்திருக்கக்கூடும் என்பதால் நேரம் கடத்தலாகாது. கன்றிய இடம் சில நாள் கழித்துச் சூடேறிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் சீழ் கட்டியிருக்கலாம். 2 வாரம் கடந்தும் குறையாத கன்றலையும் கட்டியையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். அடி எதுவும் நினைவில் இல்லாமலே உடலில் அங்கங்கே கன்றல் தோன்றுவதும், பல் ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசிவதும், காய்ச்சலோடு சிவப்புப் புள்ளிகள் எழுவதும் டெங்கு, தட்டணுக் குறைவு, கல்லீரல் நோய், இரத்தப் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்றின் குறியாகலாம். அங்கே பற்றுப் போடுவது காலத்தை வீணாக்கும். நடக்கத் தொடங்காத குழந்தையின் உடலில் கன்றலைக் கண்டால், அது எவ்வளவு சிறிதாயினும், மருத்துவரிடம் காட்டவேண்டும்.

முதியோர் நிலை தனிக் கவனத்துக்கு உரியது. இதய நோய்க்காகவும் பக்கவாதத்துக்காகவும் வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்துகளை உண்போர் இன்று சிற்றூர்களிலும் பலர். அவர்களுக்குச் சிறு இடிபாடும் பெரிய இரத்தக்கட்டாக முடியும். குளியலறையில் வழுக்கித் தலையில் அடிபட்ட முதியவர் அன்று எழுந்து இயல்பாக நடமாடினாலும், மூளையை மூடிய சவ்வுக்கடியில் சிறுகச் சிறுகக் கசியும் இரத்தம் வாரக்கணக்கில் சேர்ந்து, தலைவலியாகவும் மறதியாகவும் ஒருபக்கத் தளர்ச்சியாகவும் வெளிப்படக்கூடும். நாளும் மாதமும் கழித்து எழும் அடி என்று வர்மச் சுவடிகள் கூறியதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. தலையில் அடிபட்ட எவருக்கும் வாந்தி, குழப்பம், மிகுந்த உறக்கம், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், இரு கண்களைச் சுற்றியோ காதின் பின்புறமோ கன்றல் கண்டாலும், காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ நீர் வடிந்தாலும், 108 ஊர்தியை அழைக்க வேண்டிய நேரம் அதுவே. தென்காசியிலுள்ள மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை மேலகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அதற்கு மேற்பட்ட அறுவை தேவைப்படுவோருக்கு 1965 முதல் திருநெல்வேலியில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

வயல்வெளி வாழ்க்கைக்கு இன்னொரு கெடுவும் உண்டு. அந்தி நேரத்தில் வரப்பில் நடந்தவர், காலில் ஏதோ குத்தியதாகவோ கல் பட்டதாகவோ எண்ணி, வீங்கிக் கன்றிய இடத்தில் புளிப்பற்றைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவது நடக்கக்கூடியது. கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தத்தின் உறையும் தன்மையையே அழிப்பதால், கடிவாயைச் சுற்றி வீக்கமும் கன்றலும் வேகமாகப் பரவும், ஈறிலிருந்து இரத்தம் வரும், சிறுநீரகம் பழுதாகும். அங்கே கீறுவதும் இறுகக் கட்டுவதும் பச்சிலை அரைத்துப் பூசுவதும் ஒருங்கே தவறு. காலை அசைக்காமல் நேராக வைத்து, மோதிரமோ கொலுசோ இருந்தால் கழற்றி, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிச் சென்று, நச்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனையில் சேர்ப்பதே வழி. அங்கே ஒரு சொட்டு மருந்தும் ஏற்றுவதற்கு முன், அவருடைய இரத்தத்தைச் சிறு கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்திவைத்து, அது உறைகிறதா என்று சாய்த்துப் பார்ப்பார்கள்.